எத்திராஜுலு போகாத தீ

தீயணைப்பு நிலையத்தில் படம் வைத்திருந்தார்கள்.
வேன் ஓட்டும் காக்கிச் சட்டையில் இல்லை,
யாரிடமோ வாங்கிப் போட்ட கோட்டில்.
கை விரல்நுனிவரை தொங்கும்.
அவர் அளவுக்கு ஒன்று கடைசிவரை வரவேயில்லை.

அலுவலர் தாளைப் பார்த்துப் படித்தார்:
தன்னார்வலர், ஒரு பைசா வாங்காதவர்,
பதினோரு வருடத்தில் பன்னிரண்டு தீ.
பெயிண்ட் குடோன், பஞ்சு லாரி,
மூலக்கொத்தளத்தில் ஒரு கல்யாணப் பந்தல்.
நான் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில்
பதின்மூன்று என்று சொல்லிக்கொண்டேன்.

வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள் நான்.
கதவோரச் சீட்டு.
பத்து வருஷம் அவர் பிடரியைத்தான் பார்த்தேன்,
முகத்தைச் சொல்லு என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.
பிடரியில் வலப்பக்கம் ஒரு தீத்தழும்பு.
மழைக்காலத்தில் அரிக்கும். ஸ்கேலால் சொறிவார்,
அதுவும் ஏதோ ஒரு எல்.கே.ஜி. விட்டுப்போன ஸ்கேல்.

கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
என்ஜினை அணைத்து டிபன் பாக்ஸைத் திறப்பார்.
சரக்கு ரயில் முடிவதற்குள் மூன்று இட்லி.
போன் அடித்தால் மட்டும் மெல்லுவது நிற்கும்.
எங்கே எது எரிந்தாலும்
கடைசிப் பிள்ளை இறங்காமல் வேன் திரும்பாது.
"மொதல்ல இதுங்க" என்பார். அவ்வளவுதான் பேச்சு.
இறக்கியபின் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிவார்,
எண்ணிக்கை சரியாக இருந்தாலும்.

அந்த மார்ச்சில் போன் வந்தபோது
பத்தொன்பதில் பதினேழு இறங்கியாயிற்று.
மீதி, மூன்றாம் வகுப்பு ஜீவிதா,
யு.கே.ஜி. படிக்கும் அவள் தம்பி டில்லி.
மறுமுனையில் கத்தியது எனக்கே கேட்டது:
உப்புக்கிடங்குச் சந்து.
அவர்கள் சந்து.

இடப்பக்க இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டே இருக்க
அவர் வலப்பக்கம் ஒடித்தார்.
"கப்பல் பாக்கலாமாடா?"
காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர்,
திருவொற்றியூரிலிருந்து காசிமேடு,
மறுபடி. மறுபடியும்.
டில்லிக்கு மூன்றுக்குமேல் எண்ண வராது.
அன்று கடலில் எந்நேரமும் மூன்று கப்பல்தான்.
நடுவில் நிறுத்தி ஆளுக்கு ரெண்டு கமர்கட்.
அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.
என் போனில் அவங்க அம்மா:
"புள்ளைங்க?"
"வேன்லதான்."
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"அங்கயே வெச்சிருக்கா. கொண்டாந்துராத."

இருட்டியபிறகு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில்
பாயும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் விட்டோம்.
நாற்பது குடிசை. ஆளுக்குச் சேதமில்லை.
வாளியோடு நின்ற அவர் கூட்டாளிகள்
ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை.
"இன்னிக்கு மட்டும் சார் பிஸி" என்றான் ஒருவன்.
பயந்துட்டான் என்றது இன்னொரு குரல், கொஞ்சம் தள்ளி.
அவர் குழாயடிக்குப் போனார்.
கரியே படாத கையை
அவ்வளவு நேரம் கழுவி நான் பார்த்ததில்லை.

சொல்லியிருக்கலாம். நானாவது.
சொன்னால் திட்டுவார் என்று விட்டேன்,
பிறகு அதுவே பழகிவிட்டது.

அவர் தீயில் சாகவில்லை.
சர்க்கரை, காலில் புண்,
ஸ்டான்லியில் பதினேழு நாள்.
அந்தப் புதன்கிழமையும் வேன் ஓடியது, அரையாண்டுப் பரீட்சை.

கூட்டம் கலைகையில் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.
ரெட்டைச் சடை, பன்னிரண்டாம் வகுப்பு யூனிபார்ம்.
ஜீவிதா என்று சொன்னபிறகுதான் தெரிந்தது.
"எனக்குப் புகை தெரிஞ்சுதுக்கா அன்னிக்கு.
அண்ணன் கண்ணாடியில என்னையே பாத்தாரு.
நான் தம்பிக்குக் கப்பலைக் காட்டினேன்."

பிறகு, படத்தைப் பார்த்தபடி:
"டீசல் எவ்ளோக்கா ஆயிருக்கும்?"

முந்நூற்றுப் பத்து.
அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள்,
சீட்டில் நான்தான் எழுதினேன்.
தெரியலம்மா என்றேன்.

டீ வந்தது. சூடு போதவில்லை.
ரெண்டு பேரும் குடித்தோம்.